நேரடியார்

என் சகலைக்கு உப்புப் பார்க்கிற பழக்கம் கிடையாது. சமைக்கப் பிடிக்கும். விடுமுறை நாளில் அக்கா தங்கை இருவரையும் சமையலறையிலிருந்து விரட்டிவிட்டுத் தானே கரண்டி பிடிப்பார். ஆனால் அடுப்பிலிருந்து இறக்குமுன் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாரா என்றால், மாட்டார். சமைக்கத் தெரிந்தவனுக்கு அது எதற்கு என்பார். சாப்பிட உட்கார்ந்தபின் நாங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். உப்பு ஒரு கை கூடியிருக்கும், அல்லது உப்பே இருக்காது. அவர் முகம் வாடாது. கூடினால் வெந்நீர், குறைந்தால் உப்பு டப்பா, அவ்வளவுதானே என்று தானே எழுந்து ஓடிப்போய் எடுத்துவருவார். என் மனைவி உடனே என் பக்கம் திரும்பி, அத்தானுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள் என்பாள். வாய் முழுக்க உப்போடு நான் பார்ப்பேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். ஒரே வீட்டில் கீழ்த்தளம் அவர்களுக்கு, மாடி எங்களுக்கு. அது போதாதென்று இருவருக்கும் ஒரே அலுவலகம். மற்றவர்களுக்கு வீட்டுத் தொல்லை தீர அலுவலகம் இருக்கிறது, அலுவலகத் தொல்லை தீர வீடு இருக்கிறது. எனக்கு இரண்டு வாசலிலும் இவரே நின்றார்.

அலுவலகத்தில் அவருக்கு நேரடியார் என்று பெயர். வைத்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு, நான் மறுத்ததில்லை.

பெயர் வந்த கதையைச் சொல்ல எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், பசை நாற்றம் ஏறிவரும் ஒரு நீளமான அறையில் உட்கார்ந்து மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த அறை என்று வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் திரையைப் பார்த்துச் சொல்கிறார்களே, அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது நாங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் எழுதுகிற நிரலெல்லாம் ஒரே பொதுக் களஞ்சியத்தில் போய்ச் சேரும். அதில் மெயின் என்று ஒரு கிளை. அதில் விழுகிற எதுவும் விழுந்த கையோடு மருத்துவமனைகளில் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அதற்கு முன்னால் ஸ்டேஜிங் என்று இன்னொரு கிளை வைத்திருந்தோம். யார் எதை மாற்றினாலும் முதலில் ஸ்டேஜிங்கில் தள்ளவேண்டும். அதற்கென்று தனி முகவரியில் ஒரு தளம் உண்டு. பார்க்க அசல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் பயிற்சிக்காக எப்போதோ நகலெடுத்த பழைய தரவு. அங்கே ஓட்டிப் பார்த்து, எதுவும் உடையவில்லை என்றால்தான் மெயினுக்கு அனுப்புவது. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. உப்புப் பார்க்கிற வேலை, அவ்வளவுதான்.

என் சகலை நேரடியாக மெயினில் தள்ளுவார். ஒத்திகையெல்லாம் வசனம் மறக்கிறவனுக்கு என்பது அவர் கொள்கை. அவர் வசனத்தை மறப்பதில்லை என்பது உண்மைதான். தப்பான வசனத்தைச் சத்தமாகச் சொல்வார், அவ்வளவே.

ஒருமுறை அவர் தேதியில் கைவைத்தார். நாளும் மாதமும் இடம் மாறி, ஒரு கண் மருத்துவமனைக்கு அன்று வரவேண்டிய அத்தனை பேரும் ஏற்கெனவே வந்துபோனவர்கள் ஆனார்கள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், உங்களுக்குத்தான் அறுவை முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் இருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். இன்னொருமுறை ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பாதிக் குழந்தைகளுக்கு வயது கழித்தலில் போனது. பிறக்கவே பிறக்காத பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லித் தாய்மார்களின் போனுக்குச் செய்தி போனது.

இங்கேதான் முதலாளி வருகிறார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அவருக்கு நிரல் தெரியாது, வியர்வை தெரியும். யாருக்கு வியர்க்கிறதோ அவன் வேலை செய்கிறான். நேரடியாருக்குத்தான் வியர்க்கும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு காதில் போன், ஒரு கையால் தட்டச்சு, நடுவில் எல்லோருக்கும் அதட்டல். ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். கெடுத்தவருக்குத் தெரியாதா கெட்ட இடம்? முதலாளி வெளியே வந்து அவர் தோளைத் தட்டி, இவர் இல்லையென்றால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று எங்களையெல்லாம் கேட்பார். இவர் இல்லையென்றால் இன்று ஒன்றுமே ஆகியிருக்காது. அதைச் சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான். கேக் வெட்டினார்கள், நின்று தின்றோம்.

குழந்தைகள் மருத்துவமனை எங்களை விட்டுப் போகிறேன் என்று மிரட்டியபிறகுதான் முதலாளிக்குக் கொஞ்சம் தெளிந்தது. மெயினைப் பூட்டச் சொன்னார். சாவி என்னிடம் வந்தது. ஸ்டேஜிங்கில் நான் பார்த்துச் சரி சொல்லாமல் இனி ஒரு வரிகூட மெயினுக்குப் போகாது.

தம்பி முறையில் இருக்கும் இளைய சகலை, மூத்த சகலையின் வேலையைத் திருத்துவதா? அன்றோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். போனில் இருந்த அலுவலகப் பொதுக் குழுவில் நான் செய்தி போட்டுக்கொண்டிருந்ததால் அந்தக் குழுவையும் சத்தம் வராதபடி ஊமையாக்கினார். வீட்டில் பேச்சுவார்த்தை அக்கா தங்கை வழியாக நடந்தது. "உங்க வீட்டு வாட்ச்மேன் காரை மறிச்சு ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கார், எடுக்கச் சொல்லு" என்று அவர் தன் மனைவியிடம் சொல்ல, அவள் மாடிப்படி அடியில் நின்று தங்கையிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்வாள். நான் எடுப்பேன், ஆனால் அவசரப்பட்டு எடுக்கமாட்டேன்.

அலுவலகத்தில் அவர் தள்ளியதையெல்லாம் குறை எழுதித் திருப்பி அனுப்பினேன். குறை இருந்ததால்தான் அனுப்பினேன். அனுப்புவதில் ஒரு சுகம் இருந்தது, அது தனிக் கணக்கு.

இந்தச் சண்டைக்கு நடுவில் இருந்தவன் எங்கள் மச்சினன். அக்கா தங்கைக்கு ஒரே தம்பி. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. முப்பதைத் தாண்டியவுடன் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. இப்போது அவனால் மின்தூக்கிக் குழிக்குள் இறங்கமுடியாது. அதே நிறுவனத்தில் போன் எடுக்கிறான். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், ஆள் வரும்வரை பேசிக்கொண்டிருப்பது அவன் வேலை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். படி ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால் கீழே சகலை வீட்டு முன்னறையில் இருந்தான். மருத்துவமனைக்குப் பெரிய அத்தான்தான் காரில் கூட்டிக்கொண்டு போவார், கூட்டிக்கொண்டு வருவார். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, ஒருநாளும் தவறியதில்லை. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை. அவனுக்கும் பெரிய அத்தான் என்றால் உயிர். சின்ன அத்தான் என்றால், ஆமாம், மாடியில் இருக்கிறார்.

மச்சினனுக்கு மாலை முறை கொடுத்திருந்தார்கள். இயந்திரத்திலிருந்து எழுந்து வீடு வருவதற்குள் ஊர் அடங்கிவிடும். மறுநாள் தலை தூக்கமுடியாது, வேலைக்கு விடுப்பு. காலை முறை கிடைத்தால் வேலையாவது மிஞ்சும். ஆனால் ஒருவருடைய முறையை மாற்றவேண்டும் என்றால் இன்னும் நாலு பேரை இடம் மாற்றவேண்டும். அந்த மருத்துவமனையில் ஓடுவதும் எங்கள் மென்பொருள்தான், அதில் இது பெரிய பாடு. ஒவ்வொன்றாக ரத்து செய்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பதியவேண்டும். அந்த மருத்துவமனை மேசையில் இருந்த பெண், யாராவது முறையை மாற்றக் கேட்டாலே தலைவலித் தைலத்தைத் தேடுவாள்.

நேரடியார் அதற்கு ஒரு புதுப் பக்கம் எழுதினார். பெயரை விரலால் தொட்டு இழுத்து வேறு நேரத்தில் விட்டால் போதும், மற்றவர்களும் தானாக நகர்ந்துகொள்வார்கள். நல்ல யோசனை. மச்சினனை மனதில் வைத்து எழுதினார் என்பது எனக்குத் தெரியும். ஸ்டேஜிங்கில் தள்ளினார், நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரே இயந்திரத்தில் இரண்டு பேரை இழுத்துவிட்டால் இரண்டு பேரையும் ஏற்றுக்கொண்டது. திருப்பி அனுப்பினேன். சரிசெய்து தள்ளினார். இப்போது இரண்டாமவரை ஏற்கவில்லை, முதலாமவரையும் சேர்த்துத் துரத்தியது. மறுபடி திருப்பினேன். கீழ்வீட்டில் அன்று பாத்திரம் கொஞ்சம் பலமாக உருண்டது.

அடுத்த வாரம் மச்சினனுக்குக் காலை முறை கிடைத்துவிட்டது. ஜன்னலோர இயந்திரம் வேறு. வீடே மலர்ந்தது. அந்த மேசைப் பெண் மனது வைத்தாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். என் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, சில பேர் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், சில பேர் காரியத்தை முடித்துவிடுவார்கள் என்றாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

நடந்தது இதுதான். மெயினுக்குப் போகும் வழியை நான் அடைத்துவிட்டேன் அல்லவா? அவர் யோசித்தார். சரக்கை அசலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், ஆட்களைச் சரக்கு இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தால் போகிறது. ஸ்டேஜிங் தளத்தின் முகவரியை அந்த மேசைப் பெண்ணிடம் கொடுத்து, இனி இதிலேயே வேலை பாருங்கள், புதுசு என்று சொல்லிவிட்டார். உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் ஒத்திகையை விட்டுவிட்டு மேடை ஏறியிருக்கிறார்கள். ஒத்திகை நடக்கும் கொட்டகைக்கு டிக்கெட் கொடுத்துக் கூட்டத்தை உட்காரவைத்தவர் என் சகலை ஒருவர்தான்.

அந்தப் பெண் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே பழைய தரவு. இது என்ன பழையதாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, கொஞ்சம் பழசுதான், திருத்திக்கொள்ளுங்கள் என்றாராம். அவளும் பாவம், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லோருடைய முறையையும் திருத்தினாள். வராமல் போனவர்களை நீக்கினாள், புதிதாக வந்தவர்களைச் சேர்த்தாள், மச்சினனைக் காலைக்கு இழுத்துவிட்டாள். வாரம் முழுக்க அந்த டயாலிசிஸ் பிரிவு எங்கள் பயிற்சித் தளத்தில் நிஜமாக ஓடிக்கொண்டிருந்தது. அசல் தளத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் திருப்பி அனுப்பிவிடுவேனாம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஸ்டேஜிங்கைத் துடைப்பது வழக்கம். எல்லோரும் கிறுக்கிவைத்த பலகை மாதிரி ஆகிவிடும் அது. முழுக்க அழித்துவிட்டுப் பழைய நகலை மறுபடி ஊற்றிவைப்போம். அந்த நகலில் இருப்பவை நிஜ நோயாளிகளின் பெயர்கள். மாற்றிப் போடவேண்டும் என்று நான் கேட்டபோது, அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லி அதுவும் பழசாகிவிட்டது. அன்று மாலை பொதுக் குழுவில், ஸ்டேஜிங் துடைக்கப்படுகிறது, வேண்டியவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளவும் என்று போட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நேரடியார் குழுவை ஊமையாக்கியிருந்தார். என் பின்னால் நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதற்குக் கேட்கவேண்டும், குழுவில்தான் போட்டுவிட்டேனே? துடைத்தேன். வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நேரடியார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக எனக்கு.

"சகலை, நேத்து நீ எதையாவது தொட்டியா?"

எதை என்றேன். ஸ்டேஜிங்கை என்றார். துடைத்தேன், மாதக் கடைசி அல்லவா என்றேன். இங்கே வா என்று மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். ஸ்டேஜிங்குக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் மேலே நான் எழுதியிருப்பது. அவர் வாயால் முழுசாக வரவில்லை, பாதியை நானே சேர்த்துக்கொண்டேன். அரைத் தாடியோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

டயாலிசிஸ் பிரிவு கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிகளில் ஆள், நாற்காலிகளுக்கு நடுவில் ஆள், சுவரோரமும் ஆள். வழக்கமான மேசைப் பெண்ணுக்குச் சனிக்கிழமை விடுமுறை. அன்று இருந்தவள் வாரம் ஒரு நாள் மட்டும் வருகிறவள். அவளுக்கு யாரையும் முகம் தெரியாது, திரையைத்தான் தெரியும். திரையில் இருந்தது நான் ஊற்றிவைத்த பழைய நகல். அவள் அதைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். மச்சினனைப் பார்த்து, மாலைக்கு வரவேண்டியவர் காலையில் வந்து நிற்கிறார் என்றாள். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்து, நீங்கள் யார் என்றாள். பழைய நகலில் பெயர் இருந்து ஆளும் வந்திருந்தவர்களை அவரவர் இயந்திரத்தில் ஏற்றச் சொல்லிவிட்டாள். ஜன்னலோர இயந்திரம் மட்டும் காலியாக இருந்தது. அதற்குரியவர் என்று ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு கணக்கு வாத்தியார். அந்த நகல் எடுத்தபிறகு மாலை முறைக்கு மாறி மச்சினனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர், அவனுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துத் தோற்றுக்கொண்டும் இருந்தவர். போன மாதம் இறந்துவிட்டார். முதல் தடவை அவள் கூப்பிட்டபோது கூடம் பேச்சை நிறுத்தியதாம். இரண்டாம் தடவை ஒரு அம்மாள் அழத் தொடங்கினாளாம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வருவார், இயந்திரம் அவருக்காக இருக்கிறது, காத்திருங்கள் என்று எல்லோரையும் உட்காரச் சொல்லியிருக்கிறாள். இல்லாதவருக்காக இயந்திரம் காத்திருந்தது. இருக்கிறவர்கள் நின்றார்கள்.

மச்சினன் சுவரோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். முகம் ஊதியிருந்தது. கால்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை செய்யவேண்டியதைக் காய்ச்சல் என்று அவன் வெள்ளிக்குத் தள்ள, வெள்ளி இயந்திரம் பழுது என்று அவர்கள் சனிக்குத் தள்ளியிருந்தார்கள். உடம்பில் சேர்ந்த நீர் நெஞ்சுவரை வந்துவிட்டது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் காலி இயந்திரத்தைப் பார்த்தாள்.

அந்த ஒரு இயந்திரத்துக்கு மூன்று பேர் உரிமை கேட்டார்கள். வாரம் முழுக்க அது தனக்குத்தான் என்றான் மச்சினன். எனக்குத்தான் என்றார் ஒரு பெரியவர். அழுதுகொண்டிருந்த அம்மாளும் எனக்குத்தான் என்றாள். சொல்வதற்கு ஆதாரமாக இருந்த ஒரே இடத்தை நான் முந்தின நாள் மாலை துடைத்திருந்தேன்.

அப்போதுதான் நேரடியார் தன் மேதாவித்தனத்தைக் காட்டினார். மேசைக்கு மேலே குனிந்து அந்தப் பெண்ணிடம், இயந்திரம் வாத்தியார் பேரில் திறந்துதானே இருக்கிறது, மச்சினனை அவர் பேரிலேயே ஏற்றிவிடுங்கள், பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். திரையில் வாத்தியாருடைய எடை, எவ்வளவு நீர் எடுக்கவேண்டும், என்ன மருந்து எல்லாம் பக்கத்திலேயே வரிசையாக இருந்தது. அந்தப் பெண் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் முடியாது என்றாள். ஒரு தடவைதானே, அவசரம் தெரியவில்லையா என்று குரலை உயர்த்தினார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார். வியர்த்துக்கொண்டிருந்தது. முதலாளி பார்த்திருந்தால் கேக் வெட்டியிருப்பார்.

மச்சினன் குழாயை மூக்கிலிருந்து எடுத்தான்.

"செத்தவர் பேர்ல நான் ஏற மாட்டேன் அத்தான்."

பைத்தியமா உனக்கு, உயிரா பேரா என்று இவர் குதித்தார். அப்புறம் மாற்றிவிடலாம் என்கிறேனே என்றார்.

"அப்புறம் மாத்துறதுக்கு நான் இருக்கணும்ல" என்றான். மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவானே, அந்தக் குரல். கோபமே இல்லை. "அவர்கிட்ட எடுத்த அளவு தண்ணியை என்கிட்டயும் எடுத்தா, நானும் அவர் பின்னாலயே போயிடுவேன்."

நேரடியார் மேசையை விட்டு விலகினார். பதினைந்து வருஷமாக அவரை எனக்குத் தெரியும். வேலை முடியுமுன் சுருட்டிய சட்டைக் கையை அவர் இறக்கிவிட்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். பயமாக இருந்தது.

மேசைப் பெண்ணிடம் அசல் தளத்தைத் திறக்கச் சொன்னேன். அதில் அந்த வாரத்துக்கு முந்திய நிலவரம் அப்படியே இருந்தது, வாத்தியார் இல்லாமல். அந்த வாரம் மாறியது மட்டும்தான் அதில் இல்லை. மாற்றம் யாருக்கு நடந்தது என்பது அவரவருக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் முறை எப்போது, யாருடைய இடத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டு, ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்து, அவள் பதியப் பதிய நான் சரிபார்த்தேன். பெரியவருடைய முறை திங்கள்கிழமை என்று அவரே யோசித்து ஒப்புக்கொண்டார். ஜன்னலோர இயந்திரம் காலையில் மச்சினனுக்கு, மாலையில் அந்த அம்மாளுக்கு. அவனுடைய பேரில், அவனுடைய எடையில் அவனை ஏற்றும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியபின்தான் அவன் கண்ணை மூடினான். நேரடியார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போகவில்லை. அவரும் வரவில்லை.

திங்கட்கிழமை முதலாளி கண்ணாடி அறைக்குள் எங்கள் இருவரையும் அழைத்தார். நேரடியார் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, அதுதான் அதில் விசேஷம். சொன்னபடி ஸ்டேஜிங்கில்தான் தள்ளினேன், மெயினைத் தொடவே இல்லை, அழித்தது சகலை என்றார். அத்தனையும் நிஜம். நான் விளக்கினேன். பயிற்சித் தளம் என்றேன், வழக்கம் என்றேன், குழுவில் அறிவித்தேன் என்றேன். அறிவிப்பை வாசிக்கும்போதே அது எனக்கே சப்பென்று இருந்தது. முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கும் வியர்க்கவில்லை என்பதால் அவருக்குக் குழப்பமாகிவிட்டது. கடைசியில் நாட்டாமைத் தீர்ப்பு வந்தது. மெயின் சாவி இனி இரண்டு பேரிடமும் இருக்கட்டும், சொந்தக்காரர்கள்தானே, வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அதாவது மெயினில் தள்ள அவருக்கும் வழி திறந்தது, துடைக்கும் துணி என் கையிலேயே இருந்தது. திருடனுக்கும் காவல்காரனுக்கும் ஆளுக்கொரு சாவி.

வீட்டில் இரண்டு பேரும் அவரவர் புருஷனைக் காப்பாற்றினார்கள். என் மனைவி, சொல்லாமல் செய்தது அத்தான் தப்பு என்றாள். அவள் அக்கா, கேட்காமல் அழித்தது உன் புருஷன் தப்பு என்றாள். மச்சினன் முன்னறைக் கட்டிலில் படுத்தபடி இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தான். யார் பக்கமும் பேசவில்லை. அவன் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நல்ல பையன் என்று நேரடியார் தன் மனைவியிடம் சொன்னதாக மாடிக்குச் செய்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் எப்போதும்போலக் காரை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். நான் மாடிக் கைப்பிடிச் சுவரருகே பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மச்சினன் போர்வையும் பையுமாக வெளியே வந்தான். கார் கதவைத் திறந்தான், ஏறவில்லை.

"நேத்து மெயின்ல ஏதாச்சும் தள்ளினீங்களா அத்தான்?"

நேரடியார் சிரித்தார். ஏறுடா, நேரமாகிறது என்றார். அவன் ஏறவில்லை. கேட்டதைத் திரும்பக் கேட்டான். இல்லை என்றார். அவன் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து மாடியைப் பார்த்தான்.

"சின்ன அத்தான், நீங்க ஏதாச்சும் அழிச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னை எதற்குக் கேட்கிறாய், நான் வழக்கத்தைத்தானே செய்தேன் என்று சொல்ல வந்தேன். வாயில் நுரை. இல்லை என்று தலையாட்டினேன். அவன் என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போன் போட்டான். என் பேர் இருக்கா என்று கேட்டான். என் பேரிலேயே இருக்கா என்று கேட்டான். மேசைப் பெண் தேடிப் பார்த்துச் சொல்லும்வரை கார் உறுமிக்கொண்டே நின்றது.

அதிலிருந்து வாரத்தில் மூன்று காலை இதுதான் நடக்கிறது. நேரடியார் இப்போது ஹாரன் அடிப்பதில்லை. எஞ்சினையும் அணைத்துவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கேள்வி வருவதற்காகக் காத்து நிற்கிறார். நான் எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்குக் கைப்பிடிச் சுவரருகே வந்துவிடுகிறேன். அவர் தள்ளவில்லை என்கிறார், நான் அழிக்கவில்லை என்கிறேன். இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் அவன் போன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுகிறான்.